நனையாத டப்பா

காபி குடிக்காத நார்வேக்காரனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் ஒருத்தன் இருக்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் கேலிதான். "வயித்துக்கு ஒத்துக்காதா ஐலர்ட்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு டீ வாங்கிக்கொள்வேன். என் வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

காரணம் வேறு. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நான் எங்கேயோ கேட்டு வந்து அளக்கிற கதை இல்லை. என் கண்ணால் பார்த்தது. என் கையால் தொட்டது. அந்தத் துடுப்புச் சத்தத்தை என்னோடு சேர்ந்து இன்னும் ஏழு பேர் கேட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். போய்க் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள்.

1943. எங்கள் நாடு ஜெர்மன்காரன் கையில் இருந்தது. தப்பிப் போன நாங்கள் பிரிட்டனின் ஷெட்லாந்துத் தீவில் இருந்துகொண்டு, டார்பிடோ படகுகளில் கடலைத் தாண்டி வந்து, சொந்தக் கரையிலேயே திருடனைப் போல ஒளிந்திருந்து அடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் படகுக்கு ஒரு எண் உண்டு. நாங்கள் அதை நீர்க்காகம் என்றுதான் கூப்பிடுவோம். மரப் படகு. நாலு எஞ்சின், வயிறு நிறைய பெட்ரோல், இரண்டு பக்கமும் டார்பிடோ. ஒரு பொறி விழுந்தால் போதும், எங்களைத் தேடிப் பொறுக்க ஆள் அனுப்ப வேண்டியிருக்காது.

நான் பின்பக்கத் துப்பாக்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுப்பவன். சண்டை இல்லாத நேரத்தில் சமையல்காரன். சண்டை இல்லாத நேரம்தான் அதிகம் என்பதால், நான் குண்டைத் தொட்டதைவிடக் கரண்டியைத் தொட்டதுதான் அதிகம்.

எங்கள் வேலை இப்படி. இருட்டில் கடலைத் தாண்டுவோம். விடிவதற்குள் ஏதாவது ஒரு பாறை இடுக்கில் படகைச் செருகி, மேலே மறைப்பு வலை போட்டு மூடிவிட்டுப் படுத்துக்கிடப்போம். பகல் முழுக்கச் சத்தம் கூடாது, புகை கூடாது. இருட்டியதும் வெளியே வந்து, கரையோரமாகப் போகிற ஜெர்மன் கப்பலுக்குக் காத்திருந்து, டார்பிடோவை விட்டுவிட்டு ஓடிவிடுவோம்.

கேப்டன் ஆன்ஃபினுக்கு இருபத்தேழு வயது. கத்தவே மாட்டார். அவரிடம் இரண்டே கட்டளைகள்தான்.

"நம்மளப் பாத்தவன் நம்மளோட வந்துடணும். நம்ம படகுலேருந்து ஒரு குச்சிகூடக் கரைக்குப் போகக் கூடாது."

முதலாவது எதற்கு என்றால், கரையில் இருக்கிறவன் யாராவது எங்களைப் பார்த்துவிட்டால் ஜெர்மன்காரன் அவனை அடித்தே விஷயத்தைக் கறந்துவிடுவான். அவனையும் ஷெட்லாந்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டால் அவனும் பிழைப்பான், நாங்களும் பிழைப்போம். இரண்டாவது எதற்கு என்று அப்போது எனக்குச் சரியாகப் புரியவில்லை. புரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறைந்துகிடக்கும்போது எங்களுக்கு இருந்த ஒரே சுகம் காபி. மின்சார அடுப்பில் கொதிக்க வைப்பேன். புகை வராது என்பதால் கேப்டனும் விட்டுவிட்டார். ஆனால் வாசனை வருமே என்று எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. தினமும் குடிக்கிறவனுக்கு அது தோன்றாது. அந்தக் கரையில் மூன்று வருஷமாக நிஜக் காபி கிடையாது. பட்டாணியையும் பார்லியையும் வறுத்துப் பொடித்துக் கொதிக்க வைத்து, அதற்குக் காபி என்று பெயர் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை. மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். தண்ணீரில் ஒரு சத்தம்.

கிரீச்... டொக். கிரீச்... டொக்.

துடுப்பு. வலதுபக்கம் முனகியது, இடதுபக்கம் மரத்தில் மோதியது. ஹால்வர் துப்பாக்கியைத் திருப்பினான். ஹால்வர்தான் எங்கள் பின்பக்கத் துப்பாக்கிக்காரன், என் கூட்டாளி.

சின்ன மீன்பிடி படகு. உள்ளே ஒரே ஆள். துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பான் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஆள் பக்கத்தில் வந்ததும் திரும்பி உட்கார்ந்து, எங்களைப் பார்த்தபடியே துடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூக்கை மேலே தூக்கி வைத்திருந்தார்.

"சுட்டுடாதீங்கப்பா" என்றார். "சுட்டுத்தான் ஆகணும்னா, ஒரு வாய் குடுத்துட்டுச் சுடுங்க."

"எதை?" என்றான் ஹால்வர்.

"நடிக்காத தம்பி. அந்தத் தீவுக்கு அந்தாண்ட வலை இழுத்துக்கிட்டிருந்தேன். காபி வாசம் வருது. சரி, நமக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சுன்னு நெனச்சேன். பைத்தியம் எங்கேருந்து வருதுன்னு மோப்பம் புடிச்சுக்கிட்டே வந்தா, இங்க ஒரு போர்க்கப்பல் நிக்குது!"

எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் பெயர் மோன்ஸ். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். முதல் வாயை விழுங்காமல் ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தார். அவ்வளவு நேரம் கேலி பேசியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேப்டன் வந்தார். "நீங்க எங்களோட வரணும்ண்ணே. வேற வழியில்ல."

"வரமாட்டேன்" என்றார் மோன்ஸ். "பசு இந்த வாரம் கன்னு போடப்போவுது. பொண்டாட்டிக்கு இடுப்பு சரியில்ல, தனியா என்ன பண்ணுவா? இன்னொண்ணும் யோசி கேப்டன். ராத்திரிக்குள்ள நான் வீடு திரும்பலன்னா ஊரே படகெடுத்துக்கிட்டுத் தேடும். நேரா இங்கதான் வந்து நிப்பாங்க."

அது நியாயம்தான். கேப்டன் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க யாரையும் பாக்கல."

"யாரையும் பாக்கல. பாறையத்தான் பாத்தேன்" என்றார் மோன்ஸ். "பாறை நல்லாக் காபி போடுது."

கேப்டனே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே முன்பக்கம் போனார்.

அப்போதுதான் அதைச் செய்தேன். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அந்த மனுஷன் கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததும் எனக்கு மனசு தாங்கவில்லை. உள்ளே போய் அரைக் கிலோ காபி டப்பா ஒன்றை எடுத்து வந்தேன். சிவப்புத் தகர டப்பா, பிரிக்காதது, மேலே சுற்றிய காகிதம்கூடக் கசங்காதது. வேண்டாம் வேண்டாம் என்றபடியே கையை நீட்டினார். வெளியே தூறல். நானே குனிந்து, டப்பாவை அவருடைய தண்ணீர் புகாத எண்ணெய்க் கோட்டுக்குள்ளே அக்குளில் செருகி, மேலே பொத்தானையும் போட்டுவிட்டேன்.

"நனையாமப் பாத்துக்கங்கண்ணே" என்றேன்.

"எம் பொண்டாட்டி அழுதுடுவா."

"எப்பக் குடிப்பீங்க?"

"ஞாயித்துக்கிழம."

போகும்போது அந்த வலது துடுப்பு மறுபடியும் முனகியது. "அதுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடக் கூடாதாண்ணே?" என்றேன்.

"ரொட்டிக்கே வெண்ணெய் இல்ல, துடுப்புக்கு எண்ணெயா?" என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் முகம் எங்களைப் பார்த்தபடியே சின்னதாகிக்கொண்டே போனது.

அன்று ராத்திரி ஒரு சரக்குக் கப்பலை அடித்தோம். இரண்டு டார்பிடோவும் பட்டது. பின்னால் தேடல் விளக்கு துரத்த, நாலு எஞ்சினையும் முழுக்கத் திறந்து அலறவிட்டுக்கொண்டே ஷெட்லாந்துக்கு ஓடினோம். விடிந்து சமையலறைக்கு வந்த கேப்டன் அலமாரியில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

"எங்க போச்சு?"

சொன்னேன். அவர் அடித்திருந்தால் தேவலை.

"அவன் பொண்டாட்டி அதக் கொதிக்க வெப்பாளே ஐலர்ட்" என்றார். "வாசம் எவ்வளவு தூரம் போவும்னு நேத்துத்தானே பாத்தோம்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஏதோ கழன்று விழுந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எனக்கு அந்தக் கரை ஞாபகம்தான். சர்ச் மணி அடித்ததும் நினைப்பேன். இப்போது அடுப்பில் வைத்திருப்பாள். இப்போது கொதிக்கும். இப்போது ஜன்னல் வழியாக வாசனை தெருவுக்கு வரும். தெருவில் யார் போகிறார்கள்? ஒரு ஞாயிறு போனது. இரண்டாவது போனது. மூன்றாவதும் போனது. நானும் காபியைத் தொடவில்லை. என் பங்கை ஹால்வர் குடித்தான்.

நவம்பர் பதினாறு. அதுவும் செவ்வாய்தான். மறுபடி அதே கரைக்குப் போகச் சொல்லி உத்தரவு. கேப்டன் வேண்டுமென்றே அதே பாறை இடுக்கைத் தேர்ந்தெடுத்தார்.

"அந்த ஆளு வாயத் தொறந்திருந்தா அங்க ஜெர்மன்காரன் நமக்காகக் காத்துக்கிட்டிருப்பான். இருந்தா ஓடியாந்துடுவோம். இல்லேன்னா, உன் ஆளுக்கு ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம்."

விடியும் முன்னே, ஒரே ஒரு எஞ்சினை முனகவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து போனோம். எல்லாத் துப்பாக்கியிலும் ஆள். இடுக்கு காலியாக இருந்தது. பாறை மேல் ஏறிப் பார்த்தோம். ஒரு சிகரெட் துண்டுகூட இல்லை. கேப்டன் என் தோளில் தட்டினார்.

"தூங்குடா. உன் ஆளு நல்லாத்தான் இருக்கான்."

மூன்று வாரத்தில் முதல்முறையாக நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எழுந்தபோது மணி ஒன்று ஐம்பது. வெளியே பனிமூட்டம். காற்றே இல்லை. வலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

காபி வாசனை வந்தது.

தூக்கிவாரிப் போட்டது. பகலில் காபி போடுவதைக் கேப்டன் தடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. டப்பாக்களை எல்லாம் பூட்டி வைத்திருந்தேன். சாவி என் கழுத்தில்.

கேப்டன் பாய்ந்து வந்தார். "எவன்டா அது? ஐலர்ட்!"

"நானில்ல கேப்டன்!"

ஹால்வர் கெட்டிலைத் தொட்டுப் பார்த்தான். "ஐஸ் மாதிரி இருக்கு" என்றான். அடுப்பைத் தொட்டான். அதுவும் குளிர்ந்திருந்தது.

வாசனை படகுக்குள்ளிருந்து வரவில்லை. தண்ணீர்ப் பக்கமிருந்து வந்தது.

இரண்டு மணி பத்து நிமிஷம். சரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நேரத்தைக் கேப்டன் வாய்விட்டுச் சொன்னார். காவலில் ஏதாவது சத்தம் கேட்டால் நேரத்தைச் சொல்வது அவர் வழக்கம்.

கிரீச்... டொக்.

கிரீச்... டொக்.

"அட, உன் ஆளுதான்!" என்றான் ஹால்வர். எல்லார் முகமும் மலர்ந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. மோன்ஸ் உயிரோடு இருக்கிறார்! பின்பக்கம் ஓடி, வலையின் ஓரத்தைத் தூக்கினேன்.

பனியிலிருந்து படகு வந்தது. போன தடவை மாதிரியே திரும்பி உட்கார்ந்து, எங்களைப் பார்த்தபடி தள்ளிக்கொண்டு வந்தார்.

கோட்டு இல்லை. தொப்பி இல்லை. நவம்பர் குளிரில் வெறும் சட்டை. அதிலும் பொத்தான்கள் இல்லை. ஆனால் அவர் நடுங்கவில்லை.

"அண்ணே! கோட்டு எங்க?"

துடுப்பை மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

எங்கள் தலை, தோள், வலை எல்லாம் பனியில் நனைந்து சொட்டியது. அவர் தலைமுடி காய்ந்திருந்தது. துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். ஒரு சொட்டு விழவில்லை.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஹால்வர் எட்டிப் பார்த்தான்.

"எங்கடா ஆளு?" என்றான்.

நான் மோன்ஸை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோன்ஸ் சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுத்தார். சிவப்பு டப்பா. பிரிக்கவே இல்லை. காகிதம்கூடக் கசங்கவில்லை.

"முக்கிக் குடு தம்பி" என்றார்.

"என்னண்ணே?"

"தண்ணில... முக்கிக் குடு."

பேசும்போது எங்கள் வாயிலெல்லாம் ஆவி வந்தது. அவர் வாயில் வரவில்லை.

கையை நீட்டினார். அவர் படகு எங்களிடமிருந்து இரண்டு ஆள் நீளம் தள்ளி நின்றது. நன்றாகப் பார்த்தேன். தள்ளித்தான் நின்றது. ஆனால் அந்தக் கை... டப்பாவோடு... என் மூக்குக்கு முன்னால் இருந்தது.

நான் பின்னால் போனேன். துப்பாக்கியில் இடித்துக்கொண்டு விழுந்தேன்.

"சீக்கிரம்" என்றார். கெஞ்சுகிற குரல்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. முடியவில்லை என்பது பொய். எழுந்திருக்கவில்லை.

அவர் தலை மெல்லத் திரும்பியது. பின்னால் யாரோ அழைத்ததுபோல.

"கூப்பிடறாங்க" என்றார்.

கிரீச்... டொக். கிரீச்... டொக். பனிக்குள் போய்விட்டார்.

கேப்டன் என்னைத் தூக்கி நிறுத்தினார். "யாருடா வந்தது? எங்க போனான்?"

"மோன்ஸ் வந்தாரு கேப்டன்."

"நான் யாரையும் பாக்கல" என்றான் ஹால்வர். அவன் உதடு வெளுத்திருந்தது. "சத்தம் வந்துச்சு. பக்கத்துல வந்து நின்னுச்சு. திரும்பிப் போச்சு. அவ்வளவுதான்."

இருட்டினால்தான் வெளியே போக முடியும். காத்திருந்தோம். காபி வாசனை மட்டும் போகவே இல்லை.

பின்பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. அந்த மனுஷன் என்ன கேட்டார்? உயிரையா கேட்டார்? ஒரு டப்பாவைத் தண்ணீரில் முக்கித் தரச் சொன்னார். அதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டாரே. இன்னொரு தடவை வந்தால் கண்டிப்பாகச் செய்துவிடுவேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது.

மூன்று நாற்பது.

காபி வாசனை சட்டென்று நின்றது. விளக்கை அணைத்ததுபோல.

டொக்...

டொக்...

முனகல் இல்லை. இடதுபக்கச் சத்தம் மட்டும்.

"ஐலர்ட், போகாத" என்றான் ஹால்வர்.

போனேன்.

இந்தத் தடவை அவர் திரும்பி உட்காரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே வந்தார். பக்கத்தில் வந்த பிறகும் முதுகுதான்.

சட்டை வெள்ளை. முதுகில் மட்டும் கறுப்பு. நாலைந்து இடத்தில். அந்த இடங்கள் மட்டும் ஈரம்.

"அண்ணே..."

திரும்பவில்லை. திரும்பாமல் இருந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

கை மட்டும் பின்னால் நீண்டது. டப்பா.

வாங்கினேன். என் விரல் அவர் விரலில் பட்டது. கடல் தண்ணீர் அதைவிடச் சூடாக இருந்தது.

குனிந்தேன். முழங்கை வரை முக்கினேன். கட்டைவிரலுக்கு அடியில் காகிதம் ஊறி நெகிழ்ந்தது.

எடுத்து நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார்.



டொக்... டொக்...

துடுப்புப் போடுகிறவன், விட்டுப் போகிற இடத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பான். போகும்போதாவது முகம் தெரிய வேண்டும்.

அவர் போகும்போதும் முதுகுதான் தெரிந்தது.

இருட்டியதும் கிளம்பிவிட்டோம். அன்று எந்தக் கப்பலையும் தேடவில்லை. கேப்டன் என் வலது கைச் சட்டை முழங்கை வரை நனைந்திருந்ததைத் தொட்டுப் பார்த்தார். அந்த இடுக்குக்கு நாங்கள் திரும்பப் போகவே இல்லை.

யுத்தம் முடிந்தது. 1945 ஜூன் மாதம், கடலோர நீராவிப் படகில் ஏறி மோன்ஸின் ஊருக்குப் போனேன். ஏதாவது நல்ல சேதி இருக்கும் என்று எதிர்பார்க்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை.

கதவைத் திறந்தது அவர் மனைவி குன்வோர். கையில் ஊன்றுகோல். வீட்டுக்குப் பின்னால் ஒரு இளம் பசு மேய்ந்துகொண்டிருந்தது.

"மோன்ஸ் அண்ணன் இருக்காருங்களா?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வெளியூரா? இந்தக் கரைல எல்லாருக்குமே தெரியுமே. உள்ள வாங்க."

உட்கார வைத்துவிட்டு, ஒரு பழைய சேதியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அக்டோபர்ல ஒரு நாள் வலை எடுக்கப் போனவரு சாயங்காலம் திரும்பினாரு. நம்ம துறையிலேயே ஜெர்மன்காரன் நின்னு படகுகளச் சோதன போட்டுக்கிட்டிருந்தான். கோட்டுக்குள்ள ஒரு காபி டப்பா. எங்கேருந்துன்னு கேட்டான். கடல்ல மெதந்து வந்துச்சு, பொறுக்கினேன்னு சொன்னாரு. நல்ல பதில்தானே? மூழ்கின கப்பலுங்கள்லேருந்து எவ்வளவோ மெதந்து வரும், எல்லாரும்தான் பொறுக்கறோம். அதுக்கு யாரையும் கொன்னதில்ல."

"அப்புறம்?"

"டப்பா நனையவே இல்லையே. காகிதம்கூடக் கசங்கல. கடல்ல மெதந்த டப்பா எப்படிடா காஞ்சு கெடக்கும்னு கேட்டான். அன்னிக்கு ராத்திரியே யாரோ அவனுங்க கப்பல் ஒண்ணையும் அடிச்சுட்டாங்க. போச்சு. யாரு குடுத்தா, எங்க இருந்தாங்கன்னு மூணு வாரம் வெச்சு அடிச்சாங்க. மெதந்து வந்துச்சுன்னு மட்டும்தான் சொன்னாரு. கடைசி வரைக்கும்."

அந்த இடுக்கில் எங்களுக்காக ஏன் யாரும் காத்திருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் நிம்மதியாகத் தூங்கியது அவர் வாங்கிய அடியின் மேலே.

"குடுத்த மகராசன் நல்ல மனசோடதான் குடுத்திருப்பான்" என்றாள் குன்வோர். "தூக்கிக் குடுக்கும்போது ஒரு தடவ கடல்ல முக்கிக் குடுத்திருக்கக் கூடாதா?"

நான்தான் கொடுத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பொத்தானும் போட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அவள் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். சிவப்புப் பெயின்ட் கொப்புளித்திருந்தது. ஓரமெல்லாம் உப்பும் துருவும். காகிதம் உரிந்து தொங்கியது.

"இது எப்படி...?"

"எந்தங்கச்சி ஓலவா அவர வெச்சிருந்த சிறையில தரை தொடச்சுக்கிட்டிருந்தா. டப்பா விசாரணை அறை மேசையில சாட்சிக்குன்னு இருந்துச்சு. அன்னிக்கு நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி ஓடி வந்து மேசையத் தொடைன்னு இவளக் கூப்பிட்டாங்களாம். போய்ப் பாத்தா மேசையெல்லாம் உப்புத் தண்ணி. டப்பாலேருந்து சொட்டுது. எவன் பண்ண வேலைன்னு அதிகாரி குதிக்கறான். அறை பூட்டித்தான் கெடந்துச்சாம். தூக்கிப் போட்ட டப்பாவ இவ ஏப்ரனுக்குள்ள மறச்சு எடுத்தாந்தா."

"அன்னிக்குன்னா... என்னிக்கு?"

"நவம்பர் பதினாறு. அவரச் சுட்ட அன்னிக்கு."

சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"எத்தன மணிக்குச் சுட்டாங்க?"

"மூணு மணிக்கு. ரெண்டு மணிக்கு மேல விசாரணைன்னு அறை வாசல்ல பெஞ்சில ஒக்கார வெச்சிருந்தாங்க. ஓலவா அந்தப் பக்கம்தான் தொடச்சுக்கிட்டிருந்தா. கண்ண மூடிக்கிட்டு உதடு மட்டும் அசஞ்சுதாம். யாரையோ கெஞ்சற மாதிரி. ரெண்டே காலுக்குப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. உள்ள போனதும் ஒரே கேள்விதான். டப்பாவத் தூக்கிக் காட்டி, இது ஏன் நனையலன்னு கேட்டாங்க. அதுக்கு அவருகிட்ட பதில் இல்ல."

அவள் டப்பாவைக் கத்தியால் நெம்பித் திறந்தாள். உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை. வாசனை வீடு முழுக்கப் பரவியது. ஒரு கோப்பை போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். அதுதான் நான் கடைசியாகக் குடித்த காபி.

மூன்று நாற்பதுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்தது யார் என்று எனக்குத் தெரியும். செத்தவர் வந்ததாகக் கதைகள் உண்டு. அதை நினைத்து நான் பயப்படுவதில்லை.

ஆனால் இரண்டு பத்துக்கு வந்தாரே. என் முன்னால் கையை நீட்டி, சீக்கிரம் என்று கெஞ்சினாரே. நான் எழுந்திருக்கவில்லையே.

அப்போது அவர் உயிரோடு இருந்தார்.